மறைந்த தெருக்களும் இடிந்த வீடுகளும்
வட சென்னையில் நம் முன்னோர் இருப்பிடங்களைக் கண்டறியும் முறை

சென்னைப் பாரிமுனையில் டேர் ஹவுஸ் எனப்படும் பெரிய கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் நிற்கிறது. அவ்விடத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்போர் பலர். அத்தூணை ஏறிட்டுப் பார்ப்போர் சிலர். 1773-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நாட்டிய எல்லைத் தூண்களுள் எஞ்சி நிற்பது அது. அத்தூணுக்கும் கோட்டை மதிலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் எவரும் வீடு கட்டலாகாது என்பதே அதன் பொருள். அந்நிலம் ஆதிமுதல் வெட்டவெளியாகக் கிடந்ததன்று. கோட்டை எழுந்த காலந்தொட்டு ஏறத்தாழ நூறாண்டுகள் அங்கே ஒரு நகரம் இருந்தது. வெள்ளையர் அதனைக் கறுப்பர் நகரம் என்றனர். தெருவும் சந்தும் கடையும் கோயிலும் கிணறுமாக மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர் அது.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது கோட்டையின் வடமதிலை அடுத்திருந்த வீடுகளை இடித்தனர். 1749-இல் நகரத்தைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பகைவன் மறைந்து வருவதற்கு வீடுகள் இடந்தரும் என்று கருதி, பின்னர் எஞ்சியவற்றையும் இடித்தனர். 1758 டிசம்பரில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி முற்றுகையிட்டு இரண்டு மாதங்களுக்குப் பின் திரும்பிச் சென்ற பிறகு அந்த அச்சம் உறுதிப்பட்டது. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காக ஒரு நகரமே துடைத்தெடுக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றமும் சட்டக்கல்லூரிக் கட்டடமும் நிற்பது அந்த இடத்தில்தான். உயர்நீதிமன்றக் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டது. அதற்கும் முன்பு அந்நிலத்தின் மேல் எத்தனை தெருக்கள் ஓடின என்பதை அங்கு வழக்காட வருவோர் அறியார்.

எனினும் அந்நகரத்தின் இருப்பிடத்தை நம்மால் சுட்டிக் காட்ட முடிகிறது. எப்படி? இடிபடாத ஒன்றிரண்டு பொருள்கள் துணை நிற்கின்றன. சட்டக்கல்லூரி வளாகத்தினுள் ஒரு கூர்ங்கோபுரக் கல்லறை உண்டு. ஆளுநராக இருந்த எலிஹு யேலின் இளம் மகன் டேவிட், 1688-இல் இறந்தபோது அவ்விடத்தில் அடக்கம் செய்யப்பட்டான். அது பழைய ஐரோப்பியர் இடுகாடு. இடுகாட்டின் மற்றக் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கோட்டையினுள் இருக்கும் தூய மரியன்னை தேவாலய முற்றத்தில் பதிக்கப்பட்டன. அந்தக் கல்லறை நின்ற இடத்திலேயே நின்றது. பழைய வரைபடத்தில் அவ்விடுகாட்டைக் கண்டுகொண்டால், அங்கிருந்து அளந்து மறைந்த தெருக்களின் போக்கை அறியலாம். நிலத்தில் நகராத ஒரு பொருளை முதலில் பிடித்துக்கொள்வதே இத்துறையில் முதற்பாடம்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அந்நகரத்தினுள் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாக வேறிடத்தில் நிலம் தரப்பட்டது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியால் பூக்கடைப் பகுதியில் கோயில் மீண்டும் எழுந்தது. இவை யாவும் ஏட்டில் உள்ளன. மூட்டை சுமந்தவன், குதிரை மேய்த்தவன், தோல் பதனிட்டவன், தெருக் கூட்டியவள் ஆகியோர் அடுத்த நாள் எங்கே போய்க் குடிசை போட்டனர் என்பதை எழுதி வைப்பாரில்லை. இடிப்பு எல்லார்க்கும் பொதுவாக இருந்தது. பதிவு பொதுவாக இல்லை. நம் பகுதிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு நேரும் இடர் முழுவதும் இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே பிறக்கிறது.

ஆயினும் நம்மவர் பெயர் அறவே இல்லை என்பதற்கில்லை. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஏடுகளிலும் வரைபடங்களிலும் ‘பார்ச்செரி’ என்றொரு சொல் வரும். புதிதாகப் பார்க்கும் இளைஞர் அதனை யாரோ ஒரு துரையின் பெயரென்று கொள்ளுதல் கூடும். பாரி கம்பெனியோடு உறவு கற்பிப்போரும் இருப்பர். அது பறைச்சேரி என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு. ‘பெரிய பறைச்சேரி’ என்று தனித்துச் சுட்டப்பட்ட குடியிருப்பு ஒன்று கறுப்பர் நகரத்தைச் சேர்ந்ததாக இருந்தது. ஆங்கிலேயர் வீடுகளில் பட்லராகவும் சமையற்காரராகவும் குதிரைக்காரராகவும், படையில் சிப்பாயாகவும் பணிபுரிந்த நம்மவர், கோட்டைக்கு நடந்து செல்லும் தொலைவில்தான் வாழ்ந்திருக்க முடியும். தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், திருக்குறள் ஏட்டுச் சுவடி அவர் வழியாகவே எல்லிஸ் துரைக்குச் சென்றது என்றும் பண்டிதர் அயோத்திதாசர் எழுதியுள்ளார். இந்நகரம் உருவான நாளிலிருந்தே நாம் இதனுள் இருக்கிறோம். அண்மையில் வந்து கால்வாய்க் கரையில் ஒதுங்கியவர்கள் என்று நம்மைக் கூறுவோர்க்கு அந்தப் பழைய வரைபடங்களே விடை.

இங்கு ஒரு வினா எழும். இழிவைச் சுமந்த பெயர்களை ஒழிப்பதற்காகவன்றோ நம் பெரியோர் போராடினர்? ஒழிந்த பெயரை மீண்டும் தேடியெடுத்து எழுதுவானேன்? நம் சங்கக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் இவ்வாறே கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

சேரி என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் இழிபொருள் இல்லை. சேர்ந்து வாழும் இடம் சேரி. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர் ஊரின் பகுதிகளையே பன்னிரண்டு சேரிகள் என்று கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டோ வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடுகையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, தீண்டாச்சேரி என்று பலவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் வெறும் பகுதியையும் மற்றோரிடத்தில் விலக்கி வைக்கப்பட்டோர் இருப்பிடத்தையும் குறித்தது. பின்னர் முதற்பொருள் மறைந்து இரண்டாவது மட்டும் நின்றது. காலனி என்ற சொல்லுக்கும் நம் கண்ணெதிரே இதுவே நேர்ந்தது. குடியேற்றம் என்னும் பொருளில் வந்த ஆங்கிலச் சொல், அரசு கட்டித் தந்த ஆதிதிராவிடர் குடியிருப்புகளோடு ஒட்டி, ‘அவன் காலனிக்காரன்’ என்று வசை கூறும் அளவுக்குத் தாழ்ந்தது. அதே சொல் செல்வர் வாழும் நகர்ப்பகுதிகளில் மதிப்போடு வழங்கியது என்பதையும் மறத்தலாகாது. 2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில், தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் உள்ள சாதிப் பெயர்களை மாற்றுவதற்கான அரசாணையும் வந்தது.

இவற்றை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். தன் முகவரியைச் சொல்ல நாணித் தலைகுனிந்து நின்ற மாணவரை வகுப்பறையில் கண்டவன் எவனும் இதனை எதிர்க்க மாட்டான். பெயர் பலகையிலிருந்து போகட்டும். ஆனால் குறிப்பேட்டிலிருந்து போகலாகாது. இவை இரண்டும் வேறு. பழைய பெயர் இன்னது, புதிய பெயர் இன்னது, மாறிய ஆண்டு இன்னது என்று மூன்று செய்திகளை எழுதி வைக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பழைய பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவன் தன் பாட்டன் மனை எங்கே இருந்தது என்று காட்ட இயலாமல் நிற்பான். பஞ்சமி நிலங்களுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பயனாக 1892-இல் அரசாணை பிறந்து நம்மவர்க்கு நிலங்கள் தரப்பட்டன. அந்நிலங்களை மீட்க வழக்காடுவோர் இன்று பெரும்பாலும் தோற்பது நியாயத்தில் அன்று. பழைய பெயரையும் புதிய புல எண்ணையும் இணைத்துக் காட்டும் தாள் கையில் இல்லாமையால்தான். பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள் பல 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. ஆகவே இது நாட்டுப்புறத்துச் செய்தி என்று நகரத்தார் ஒதுக்கிவிட முடியாது.

மேலும், நமக்குத் தெரு என்பது வெறும் முகவரி அன்று. நடக்கவே உரிமை வேண்டிப் போராடிப் பெற்ற இடம் அது. பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எல்லா வகுப்பாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இராவ்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தது 1924-இல். அத்தீர்மானத்திற்கு முன் எத்தெருவில் நாம் நடக்கவில்லை, பின் எத்தெருவில் நடந்தோம் என்பதைத் தெருவின் பெயர் தெரியாமல் எப்படி எழுதுவது?

இனி, கண்டறியும் வழிகளைக் கூறுவேன்.

தெருப் பெயர்களை அறிஞர் எவ்வாறு படிக்கின்றனரோ அவ்வாறே நாமும் படிக்கலாம். அதற்குப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. சென்னைப் பெயர்களுள் பல தொழிலைச் சொல்லும். செங்கற் சூளைகள் இருந்த இடம் சூளை. துணி வெளுப்போர் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை. குயவர் வாழ்ந்தது கொசப்பேட்டை. சென்ட்ரல் நிலையத்தருகே சால்ட் கொட்டார்ஸ் என்று வழங்கும் இடத்தில் உப்புக் கொட்டாரங்கள், அதாவது உப்புக் கிடங்குகள் இருந்தன. பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் இப்போது படைவீடு இல்லை, பெயர் இருக்கிறது. வால்டாக்ஸ் சாலையின் கதை நகைப்புக்குரியது. ஐதர் அலியின் படையெடுப்புக்கு அஞ்சிக் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிய கம்பெனியார், அச்செலவை மக்களிடம் வரியாகப் பெற எண்ணினர். வரி வாங்காமலே போயிற்று என்பர். வாங்காத வரிக்கு ஒரு சாலை கிடைத்தது. அம்மதிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர் பெயரில் ஒரு சந்தும் இல்லை. இப்போது அது வ.உ.சி. சாலை.

நீரைச் சொல்லும் பெயர்கள் நமக்கு இன்னும் பயனுள்ளவை. மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் ஒரு பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலையும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலையும், சேத்துப்பட்டு எழும்பூர்ப் பக்கம் ஸ்பர்டேங்க் சாலையும் நீர் இல்லாத இடத்தில் நீரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஓட்டேரியின் பெயரிலேயே ஏரி உண்டு. ஏரிக்கரை எங்கிருந்தது என்று தெரிந்தால், சேரி எங்கிருந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியுமாக, மடைக்குக் கீழும் கால்வாய் ஓரமும் நம்மவர்க்கு விடப்பட்டமையே காரணம். மழைக்காலத்தில் இன்றைக்கும் எத்தெருவில் முதலில் நீர் ஏறுகிறது என்று பாருங்கள். பழைய வரைபடத்தைக் காணாமலே பாதி உண்மை விளங்கும்.

ஆனால் பெயர் ஏமாற்றவும் செய்யும். எழும்பூரை அடுத்தும் புதுப்பேட்டை உண்டு. இராயப்பேட்டையிலும் புதுப்பேட்டை என்று வழங்கிய பகுதி உண்டு. ஒன்றுக்குரிய செய்தியை மற்றொன்றுக்கு ஏற்றிவிடுவது எளிது. இரண்டாவது, பெயர் மாற்றங்கள். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனதும் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஈ.வெ.ரா. பெரியார் சாலை ஆனதும் யாவரும் அறிந்தவை. பிராட்வே பிரகாசம் சாலை ஆயிற்று. சைனா பஜார் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை ஆயிற்று. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று. கறுப்பர் நகரமே, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசரின் வருகையை ஒட்டி ஜார்ஜ் டவுன் ஆயிற்று. 1970-களின் இறுதியில் சென்னைத் தெருப்பலகைகளிலிருந்து சாதி ஒட்டுகள் நீக்கப்பட்டன. பெருஞ்சாலைகளின் பழம்பெயரைச் சொல்லப் புத்தகங்கள் உண்டு. குறுஞ்சந்துகளின் பழம்பெயரைச் சொல்ல நம் வீட்டுப் பாட்டிமாரே உண்டு.

தெருவைக் கண்ட பின் வீட்டைக் காண வேண்டும். இதுவே கடினம். சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் இருத்தல் வழக்கம். எண்ணிடத் தொடங்கிய முனை மாறியிருந்தால் பழைய எண்ணை வைத்துக்கொண்டு தெருவின் எதிர்முனையில் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், தேவாலயம், பள்ளி, இரயில் பாதை, கிணறு, அரசமரம், எல்லையம்மன் கோயில் என்று அசையாத ஒன்றைத் துணை கொள்ள வேண்டும். கோயிலிலும் எச்சரிக்கை தேவை. சிறு மேடையாக இருந்த அம்மன் கோபுரத்தோடு எழும்போது சில சமயம் இடமும் வாயிலின் திசையும் மாறிவிடும்.

ஏடுகளைப் பொறுத்தவரை, அசைலம் பிரஸ் ஆல்மனாக் என்றொரு முகவரி நூல் ஆண்டுதோறும் வெளிவந்தது. அதில் ஐரோப்பியரும் அலுவலரும் வணிகருமே மிகுதி. நாம் தேடும் பெயர்கள் அதில் அரிது. நகர நில அளவைப் பதிவேடு மனையின் உரிமையாளரைக் காட்டும். குடிசையில் வாடகைக்கோ புறம்போக்கிலோ இருந்தவனைக் காட்டாது. கிறித்தவ தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகள் பல குடும்பங்களுக்குப் பெருந்துணை. தந்தை பெயர், தொழில், குடியிருந்த பகுதி ஆகியவை அங்கே எழுதப்பட்டிருக்கும்.

எல்லாவற்றினும் மேலாக நான் கருதுவது வாக்காளர் பட்டியலை. முன்பு சொத்தும் வரியும் படிப்பும் உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. அரசியலமைப்பு வயது வந்தோர் யாவர்க்கும் வாக்களித்த பின்னர், 1951-52 பொதுத்தேர்தலுக்காகக் குடிசை குடிசையாகச் சென்று பெயர் எழுதினர். கூலிக்காரரின் பெயரும் அவர் மனைவியின் பெயரும், வீட்டு எண்ணோடும் தெருப் பெயரோடும் அரசின் ஏட்டில் அச்சேறியது நம் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றிற்கு அதுவே முதன்முறை. டாக்டர் அம்பேத்கர் நமக்குத் தந்தவற்றைக் கணக்கிடுவோர் இந்தச் சிறு நன்மையையும் சேர்த்துக்கொள்ளலாம். தேர்தல்தோறும் திருத்தப்பட்ட பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு தெரு எந்த ஆண்டில் தோன்றி எந்த ஆண்டில் மறைந்தது என்பது புலனாகும். பழைய அரசு ஏடுகளையும் வரைபடங்களையும் தேடுவோர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம்.

தலைமையாசிரியன் என்னும் முறையில் மற்றோர் ஏட்டையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கை நீக்கப் பதிவேடு உண்டு. அது நிலையான ஏடு, அழிக்கப்படுவதன்று. மாணவன் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், தொழில், இருப்பிடம் ஆகியவை வரிசையாக அதில் இருக்கும். நான் பணியாற்றிய பள்ளிகளில் ஒன்றில் பழைய தொகுதிகளைப் புரட்டியபோது, ‘கால்வாய்க்கரை’ என்றும் ‘மில் பின்புறம்’ என்றும் ‘சுடுகாட்டு வழி’ என்றும் எழுதப்பட்ட இருப்பிடங்களைக் கண்டேன். தெருவுக்குப் பெயரிடப்படாத காலத்தில் அவற்றை எழுதிய ஆசிரியர் கண்ணால் கண்ட அடையாளத்தையே முகவரியாக எழுதியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்துத் தம்பி சேர்ந்தபோது ஒரு தலைவர் பெயரால் நகர் என்று எழுதப்பட்டுள்ளது. வெவ்வேறு பெயரில் எழுதப்பட்டது ஒரே இடம் என்பதை உடன்பிறந்தார் இருவரின் பதிவுகள் காட்டிக் கொடுக்கின்றன. இப்பதிவேட்டில் சாதியும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே தலைமையாசிரியரின் இசைவின்றி யாரும் பார்த்தல் கூடாது. பார்த்தாலும் இடப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டு பிள்ளைகளின் பெயரையும் சாதியையும் விட்டுவிட வேண்டும். பிறர் வீட்டுச் செய்தியைத் தெருவுக்குக் கொண்டுவருவது நம் வேலை அன்று.

இம்முறைகளை நம் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி ஆகிய இடங்களுக்கு அசையாத அடையாளமாக நெடுங்காலம் விளங்கியது பக்கிங்காம் கர்நாடிக் ஆலை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்தனியே எழுந்த இரண்டு ஆலைகள் 1920-இல் ஒன்றாக இணைந்தன. ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழும். ஊதினால் ஊர் உண்ணும். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கும் இவ்வாலைத் தொழிலாளரே அடிப்படை. 1996-இல் ஆலை மூடப்பட்டது. அந்நிலத்தில் இப்போது உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஆலையின் எந்த வாயிலுக்கு எதிரே எவர் வீடு இருந்தது என்று கூறினால், வாயிலே இல்லாதபோது இளைஞர் எதைக் கொண்டு அறிவர்? அதனால் வாயில்கள் இருந்த இடங்களை, அவற்றின் வழியே வேலைக்குச் சென்றவர் உயிரோடிருக்கும் போதே குறித்துக்கொள்ளுதல் முதற்கடமை.

இதே ஆலையை ஒட்டி 1921-இல் நிகழ்ந்ததை நம் இளைஞர் அறிய வேண்டும். அவ்வாண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். அவர்களுடைய வறுமை, கடன், சங்கத்தில் தமக்கு இடமுண்டா என்ற ஐயம் ஆகியவற்றை ஆராயாமல் அவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிச் செல்வோர் உண்டு. வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாக மாறியது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின, குடும்பங்கள் வெளியேறின. எம்.சி. ராஜா அவர்கள் நம் மக்கள் பக்கம் நின்று வாதாடினார். தொழிற்சங்க வரலாறுகள் பலவும் இதனைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. எரிந்தது ஓலையும் மூங்கிலும் ஆதலால், அடையாளம் காட்ட ஒரு செங்கல்லும் மிஞ்சவில்லை. இடித்த வீட்டுக்கு அடித்தளமாவது இருக்கும். எரிந்த குடிசைக்குச் சாம்பல் கூட நில்லாது. இத்தகைய இடங்களில் நிலத்தைத் தோண்டிப் பயனில்லை. அக்கால ஏடுகளையும் நாளிதழ்களையும் புரட்டியே தீர வேண்டும்.

அடுத்து வந்தது குடிசை மாற்று வாரியம். 1970-இல் தோன்றிய அவ்வாரியம் கூரை வீடுகள் இருந்த இடங்களில் மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. நெருப்புக்கு அஞ்சாமல் உறங்கும் வாழ்வு நம்மவர்க்குக் கிட்டியது அதனால்தான். அதனை நன்றியோடு கூறுவேன். ஆனால் தெரு மறைந்தது. எதிரெதிர் வீட்டில் இருந்தோர் வெவ்வேறு கட்டடத்து வெவ்வேறு மாடிகளுக்குச் சென்றனர். தெருப் பெயர் போய்க் கட்டட எண் வந்தது. இப்போது அம்மாடிக் குடியிருப்புகளும் பழுதுற்று இடிக்கப்பட்டுப் புதியவை எழுகின்றன. வாரியத்தின் பெயரும் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. நீர்நிலைக் கரைகளில் இருந்தோர் பலர் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். குடிசை, பழைய மாடி, புதிய மாடி என ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு வரலாறு படிந்திருக்கிறது. ‘எங்கள் பழைய வீடு’ என்று ஒருவர் கூறினால், எந்த அடுக்கைக் கூறுகிறார் என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

முதியோரிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் அவர் திகைப்பார். கேட்பவர் மனம் மகிழ ஏதேனும் ஓர் எண்ணைக் கூறுவார். ஊரறிந்த நிகழ்ச்சியோடு பொருத்திக் கேளுங்கள். அது டிராம் வண்டி ஓடிய காலமா, நின்ற பிறகா? டிராம் 1953-இல் நின்றது. மில் மூடுவதற்கு முன்னா, பின்னா? அது 1996. 2015 வெள்ளத்தின்போது அந்தச் சுவர் நின்றதா? அவர்தம் பெற்றோர் கூறிய செய்தியாயின், 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு வீசியதையும், சப்பானியர் வருவர் என்று அஞ்சி 1942-இல் நகரமே காலியானதையும், 1943 பெருவெள்ளத்தையும் சேர்த்துக் கேட்கலாம். இவ்வாறு கேட்டால் ஐந்தாண்டுகளுக்குள் விடை கிடைக்கும்.

ஆண்களைக் காட்டிலும் பெண்களின் நினைவே வீட்டைப் பொறுத்தவரை திருத்தமானது என்பது என் கருத்து. ஆடவர் தேநீர்க்கடையையும் சங்க அலுவலகத்தையும் நினைவில் வைத்திருப்பர். பெண்டிரோ குழாயடி எங்கிருந்தது, எத்தனை வீடு கடந்து நீர் சுமந்தோம், எவர் வீட்டுத் திண்ணையில் குடத்தை இறக்கினோம் என்று வரிசையாகக் கூறுவர். அவ்வரிசையே அத்தெருவின் வரைபடம். மணமாகி வெளியூர் சென்ற பெண்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் சென்ற நாளோடு நின்றுபோன தெருவை அப்படியே மனத்தில் வைத்திருப்பர். பின்னர் வந்த மாற்றங்கள் அதனைக் கலைத்திரா.

தலைவர்கள் வாழ்ந்த இடங்களைப் பற்றியும் ஒரு சொல். அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 1907 ஜூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914-இல் அவர் மறையும் வரை அங்கிருந்தே எழுதினார். 2023-இல் அவருக்குக் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அரசு மணிமண்டபம் அமைத்தது. மகிழ்கிறோம். மண்டபத்துக்கு மாலையிடச் செல்வோர் இராயப்பேட்டைக்கும் ஒருமுறை செல்ல வேண்டும். அவர் நடந்த தெரு, அச்சுக்கோத்த வீடு, அவரைத் தேடிக் கோலார் தங்கவயலிலிருந்தும் வந்தோர் இறங்கிய திருப்பம் ஆகியவை கிண்டியில் இல்லை, இராயப்பேட்டையில்தான் உண்டு. நினைவுச் சின்னத்தை அரசு கட்டித் தரும். இருந்த இடத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் சங்கம் இவ்வெள்ளி விழா ஆண்டில் தெருக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்க இருக்கிறது. ஒரு தெருவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். முதற்பக்கத்தில் தெருவின் இன்றைய பெயர், முன்பு வழங்கிய பெயர்கள், மாறிய ஆண்டு. இரண்டாம் பக்கத்தில் கையால் வரைந்த படம். அதில் வடதிசையைக் குறிக்கத் தவறலாகாது. அதன் பின் வீடு வீடாக: பழைய எண், புதிய எண், இடித்த ஆண்டு, அவ்விடத்தில் இப்போது இருப்பது. செய்தி சொன்னவரின் வயது, கேட்ட நாள், அவர் கண்டதா கேட்டதா என்பது ஆகியவற்றையும் அருகில் எழுத வேண்டும். இருவர் மாறுபடக் கூறினால் இரண்டையும் எழுதுக. தீர்ப்புக் கூற முயல வேண்டா. கைப்பேசியில் படம் எடுப்பது நன்று. ஆயினும் படத்தின் கீழ் இடமும் நாளும் எழுதாவிட்டால் பத்தாண்டுகளில் அது எவ்வூர்ச் சுவரோ என்றாகிவிடும்.

ஆலையை அடுத்த சந்துகளையும் கால்வாய்க்கரையையும் முதலில் எடுத்துக்கொள்வது நலம். அங்கே பணி செய்தோர் எழுபதைக் கடந்தவர்கள். நோட்டுப் புத்தகங்கள் சங்க நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைக்கும். எழுதி முடித்ததை அங்கேயே ஒப்படைத்து, ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்க.